கொழுந்தின் உள்ளறைகளும் அவற்றின் வாசல்களும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவின் அறிவியல் மாலையில், உயிரியல் பிரிவுப் பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உயிரியல் படித்தவர்கள் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டபோது, "கலத்தின் உள்மென்சவ்வுகளைப் புரதங்கள் கடந்து செல்வது எவ்வாறு ஒழுங்குபடுத்தப்படுகிறது" என்று தலைப்பு எழுதிக் கொடுத்தோம். விழாக் குழுவிலிருந்த வர்த்தகப் பிரிவு அக்கா ஒருவர் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பிள்ளையள், இது சாப்பாட்டுக்கு முன்னமா, பின்னமா?" என்று கேட்டார். அவருக்காகத்தான் உதாரணத்தைத் தேயிலையாக மாற்றினோம். விடயம் அதேதான்.

கண்டியில் படித்த நமக்குத் தேயிலை புதிதல்ல. ஹந்தானை மலை வகுப்பு யன்னலிலிருந்தே தெரியும். நம்மில் எத்தனையோ பேர் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை, ரங்கலை என்று தோட்டங்களிலிருந்து வந்து படித்தவர்கள். லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட கதையைச் சமூகக்கல்வியில் மனப்பாடம் செய்தோம். அசாம் தேயிலை விதை அதற்கும் முன்பே, 1839இல், பேராதனைப் பூங்காவுக்கு வந்துவிட்டது. ஆனால் பச்சைக் கொழுந்து ஏன் கறுப்புத் தேயிலை ஆகிறது என்ற கேள்வியைப் பாடத்தில் எவரும் எங்களிடம் கேட்டதில்லை. அதற்கான பதில் கொழுந்தின் கலத்துக்குள்ளே, சில மிக மெல்லிய சுவர்களில் இருக்கிறது.

ஒரு கலத்தை நாம் பரீட்சைக்கு வரைந்தபோது வட்டம் போட்டு, நடுவில் கருவை வைத்து, சுற்றிலும் சில உருண்டைகளைப் போட்டு அம்புக்குறியிட்டோம். அந்த உருண்டைகள் ஒவ்வொன்றும் மென்சவ்வால் மூடிய ஓர் அறை. கொழுந்தின் கலத்தில் இரண்டு அறைகள் நமக்கு முக்கியம். ஒன்று புன்வெற்றிடம். கட்டெச்சின் எனப்படும் துவர்ப்புப் பொருட்கள் அதற்குள்தான் நிறைந்திருக்கின்றன. இளங்கொழுந்தின் உலர்நிறையில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்குவரை இவைதான். மற்றது பச்சையவுருமணி. அதற்குள் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் இருக்கிறது. இந்த நொதியம் ஒரு புரதம். செம்பைத் தன் மையத்தில் வைத்திருப்பது. இதுவும் கட்டெச்சினும் ஒட்சிசனோடு சந்தித்தால் நிறம் செம்பாகி, பிறகு கறுக்கும். சந்திக்காதவரை இலை பச்சைதான். செடியில் நிற்கிற இலைக்குள் இரண்டும் ஒரே கலத்தில், ஒரு மில்லிமீற்றரில் மிகச் சிறிய பின்னம் தூரத்தில், ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன.

வீட்டில் நாம் தினமும் காண்பதும் இதே குடும்பத்து நொதியத்தின் வேலைதான். வாழைக்காயை அரிந்தால் கறுக்கிறது, கத்தரிக்காய் கறுக்கிறது, வாழைப்பூவை அம்மாமார் மோரில் போட்டதும் இதற்காகத்தான். புளிப்பில் இந்த நொதியம் சோர்ந்துவிடும். கேம்பிரிட்ஜில் மியூரியல் வெல்டேல் ஒன்ஸ்லோ என்ற பெண்மணி 1919 முதல் சில ஆண்டுகள் இந்தக் கறுப்பைத்தான் ஆராய்ந்தார். வெட்டினால் கறுக்கும் தாவரங்களில் கட்டெக்கோல் வகைப் பொருளும் ஒட்சியேற்றும் நொதியமும் சேர்ந்திருப்பதைக் காட்டினார். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல். அவர் காலமானது 1932இல். பெண்கள் பாடசாலையொன்றின் நூற்றாண்டில் இதைச் சொல்லாமல் விட எங்களுக்கு மனமில்லை.

தேயிலையில் இது நொதியத்தின் வேலை என்று 1901இல் கல்கத்தாவில் ஹரோல்ட் மான் எழுதினார். இலங்கையில் 1925இல் ஆரம்பமான தேயிலை ஆராய்ச்சி நிலையமும் நம் சங்கமும் ஏறக்குறைய ஒரே வயது. அங்கே லாம்ப், ஶ்ரீரங்காச்சார் ஆகிய இருவரும் இலங்கைத் தேயிலையின் 'நொதித்தல்' பற்றி 1940களின் தொடக்கத்தில் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். 'நொதித்தல்' என்பது பிழையான பெயர்தான். தோசைமாப் புளிப்பதுபோல இதில் நுண்ணுயிர் எதுவும் வேலை செய்வதில்லை, நடப்பது ஒட்சியேற்றம். ஆனாலும் ஸ்டோருக்குப் போய் டீமேக்கரிடம் அதைச் சொல்லித் திருத்த நாங்கள் தயாரில்லை. பெயர் நிலைத்துவிட்டது. செம்பு இல்லாமல் இந்த நொதியம் இயங்காது என்பதற்கு ஆபிரிக்காவிலிருந்து ஒரு சாட்சியும் உண்டு. இன்று மலாவி என்று சொல்லும் நாட்டில் சில தோட்டங்களின் கொழுந்து எவ்வளவு அரைத்தும் நிறம் மாறவில்லை. மண்ணில் செம்பு போதாமை என்று கண்டு, செடிக்குச் செம்பு தெளித்த பிறகுதான் தேயிலை தேயிலையானது.

இப்போது எங்கள் தலைப்புக்கு வருவோம். இந்த நொதியம் பச்சையவுருமணிக்குள் இருக்கிறது என்றோம். ஆனால் அது அங்கே பிறந்ததல்ல. அதற்கான மரபணு கருவில் இருக்கிறது. அது உருவாவது வெளியே, குழியவுருவிலுள்ள இறைபோசோமில். பச்சையவுருமணிக்குத் தேவையான புரதங்களில் நூற்றுக்கும் குறைவானவற்றைத்தான் அது தானே செய்துகொள்கிறது. மற்றவை, ஏறக்குறைய 3,000 வகை, வெளியிலிருந்து வந்து சேர வேண்டும். நம் நொதியம் போய்ச்சேர வேண்டிய இடமோ இன்னும் உள்ளே. வெளி மென்சவ்வு, உள் மென்சவ்வு இரண்டையும் தாண்டி, அதற்குள் அடுக்கடுக்காக இருக்கும் தைலக்கொயிட்டுப் பைகளின் சுவரையும் தாண்டி, அந்தப் பைக்குள் போக வேண்டும். ஆக மூன்று சுவர்கள். வழி எப்படித் தெரியும்?

புரதத்தின் உடலிலேயே முகவரி எழுதியிருக்கிறது என்பதுதான் விடை. குந்தர் புளோபெல் என்ற விஞ்ஞானி 1970களில் இதை முன்வைத்தார். 1999இல் நோபல் பரிசு பெற்றார். புரதத்தின் ஒரு முனையிலுள்ள அமினோ அமில வரிசைதான் முகவரி. அது எந்த அறைக்கு உரியது என்பதை அந்த வரிசையை வாசிக்கும் வாசல்கள் அறியும். (பரிசுப் பணத்தை அவர் போரில் இடிந்த டிறெஸ்டன் நகரத் தேவாலயத்தைத் திரும்பக் கட்டக் கொடுத்துவிட்டார். சின்ன வயதில் அந்த நகரை இடிபடுவதற்கு முன் கண்டவர்.)

முகவரி என்றதும் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். லயத்துக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு, அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எந்தப் பிரிவு, எந்த லயம் என்று யாராவது பிரித்துக் கொடுத்தால்தான் ஆளுக்குப் போய்ச்சேரும். நேர்முகப் பரீட்சைத் திகதி கழிந்த பிறகு கடிதம் கைக்கு வந்த கதைகள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. கடிதத்தில் குறையில்லை, ஆளிலும் குறையில்லை. கடைசி வாசலில் தேங்கிப்போனது.

நொதியத்தின் பயணமும் இந்தக் கடிதம் போலத்தான், ஒரு வித்தியாசம்: அதற்குள் இரண்டு முகவரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. முதலாவது 'பச்சையவுருமணி' என்பது. அதைப் பார்த்துப் புறச் சுவர்களிலுள்ள வாசல்கள் திறக்கும். அந்த வாசல்கள் ஒடுக்கமானவை. புரதம் நூல்போல நீண்டு நுழைய வேண்டும், அதற்கு ஏரீபீ சக்தி செலவாகும். உள்ளே வந்ததும் முதல் முகவரி வெட்டி எறியப்படும். அப்போதுதான் அடுத்த முகவரி வெளித்தெரியும். அதில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் இரண்டு அருகருகே நிற்கும். 'இரட்டை ஆர்ஜினைன்' வழி என்றே அதற்குப் பெயர். இந்த இரண்டாவது வாசல் வேறு மாதிரி. நூலாக நீளாமல், மடிந்து உருத்திரண்ட புரதத்தையே அப்படியே கடத்தும். ஒரு சொட்டும் ஒழுகாமல் இவ்வளவு பெரிய ஒன்றை எப்படிக் கடத்துகிறது என்பது இன்றும் ஆய்வாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி. அங்கே இரண்டாவது முகவரியும் வெட்டுப்படும்.

1994இல் இஸ்ரேலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் தக்காளியின் இதே நொதியத்தைப் பட்டாணி இலையிலிருந்து பிரித்த பச்சையவுருமணிகளோடு சேர்த்து, இந்தப் பயணத்தை ஒவ்வொரு படியாகக் கண்டார்கள். புறப்படும்போது 67 ஆயிரம் டால்ற்றன் எடை. முதல் முகவரி போனதும் 62. பைக்குள் சேர்ந்ததும் 59. தேயிலை நொதியத்தின் முனையிலும் பச்சையவுருமணிக்கான முகவரி இருக்கிறது. அந்தப் பரிசோதனையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி வெளிச்சம் பற்றியது. இருட்டில் வைத்தபோது நொதியம் முதல் வாசலைத் தாண்டி வந்து, இரண்டாவது வாசலின் முன் காத்து நின்றது. வெளிச்சம் பட்டபோதுதான் பைக்குள் போனது. ஏனென்றால் அந்த வாசலைத் தள்ளுவது, வெளிச்சத்தில் பைக்குள் சேரும் புரோத்தன்களின் அழுத்தம்.

ஒழுங்குபடுத்தல் என்று தலைப்பில் சொன்னது இதைத்தான். கட்டளையிட ஒரு தலைமை அலுவலகம் அங்கே கிடையாது. வாசலில் சக்தி இருக்கிறதா, வெளிச்சம் இருக்கிறதா, முகவரி சரியா, எத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன என்பவையே முடிவு செய்கின்றன. வாசல்களின் எண்ணிக்கையும் மாறும். வெளி மென்சவ்வின் வாசல்களைத் தேவைக்கேற்பக் கழற்றி அகற்றும் புரதம் ஒன்று 2012இல் கண்டறியப்பட்டது. காயமும் இதில் பேசும். புழு இலையைக் கடித்தால் தாவரம் யஸ்மோனிக்கமிலம் என்ற ஓமோனைச் சுரக்கிறது. அதன் வழிப்பொருளை இலைக்குக் கொடுத்தபோது பச்சையவுருமணிகள் இந்த நொதியத்தைக் கூடுதலாக உள்ளெடுத்ததை 2004இல் காட்டினார்கள். அடுத்த கடிக்கு ஆயத்தமாக ஆயுதத்தைக் களஞ்சியத்தில் சேர்க்கிறது, அவ்வளவுதான். புழு மெல்லும்போது சுவர்கள் உடைந்து நொதியமும் துவர்ப்பும் கலந்து, இலை புழுவுக்குச் சமிக்காத பண்டமாகிவிடும்.

அப்படிப் பார்த்தால் தேயிலை ஸ்டோரிலுள்ள ரோலர் என்பது ஒரு பெரிய புழு. ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்குப் போகிறவர்கள் அந்தப் பழைய ரோலர்களை இந்தக் கண்ணோடு ஒரு தரம் பார்க்கலாம். கொழுந்தில் 75 முதல் 80 வீதம் நீர். அதை வாட்டி, நீரைப் பாதியளவுக்குக் கொண்டுவந்து, பிறகு அரைக்கிறார்கள். அப்போதுதான், செடி கவனமாகக் கட்டிக்காத்த சுவர்கள் எல்லாம் ஒரேயடியாக உடைகின்றன. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கொழுந்து செம்பு நிறமாகி வாசம் மாறும். டீமேக்கர் கையில் அள்ளி முகர்ந்து நேரம் சொல்லுவார். பிறகு சூட்டில் உலர்த்தி நொதியத்தைச் செயலிழக்கச் செய்வார்கள். பச்சைத் தேயிலைக்கு இந்த வரிசையைத் திருப்பிவிடுகிறார்கள்: முதலில் சூடு, பிறகுதான் சுருட்டுவது. நொதியம் செத்துப்போன பிறகு சுவர் உடைந்தால் என்ன, உடையாவிட்டால் என்ன.

இந்த மேசையில் மூன்று கோப்பைகள் வைத்திருக்கிறோம். முதலாவதில் முழுக் கொழுந்து. இரண்டாவதில் காலையில் கசக்கியது. நிறத்தை நீங்களே பாருங்கள். மூன்றாவதில் ஆவியில் இரண்டு நிமிடம் வேகவைத்துப் பிறகு கசக்கியது, பச்சை மாறவில்லை. ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து இம்மலரை வாசிப்பவர்கள் கொழுந்துக்குப் பதிலாக ஓர் அப்பிளை எடுத்தால் போதும். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்க் குடியேறிய நம் உறவுகளுக்குக் கொழுந்துக்குப் பஞ்சமில்லை.

முகவரி பிழைத்தால் மனித உடலில் என்ன ஆகும் என்று அறிய விரும்புபவர்களுக்கு ஒன்று மட்டும். ஈரலில் ஒரு நொதியம் பெரொட்சிசோம் என்ற அறைக்குப் போக வேண்டும். சிலருக்குப் பிறப்பிலேயே மரபணுவில் நேரும் சிறு மாற்றத்தால் அது இழைமணிக்குப் போய்விடுகிறது. நொதியம் வேலை செய்யக்கூடியதுதான். இருக்கும் இடம்தான் பிழை. விளைவாக ஒட்சலேற்று சேர்ந்து, சிறுவயதிலேயே சிறுநீரகக் கல்லும் சிறுநீரகச் செயலிழப்பும் வரலாம். வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைப் பீடித்திருக்கும் சிறுநீரக நோயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மிக அரிதான, பரம்பரை நோய்.

இனி, நாங்கள் உண்மையில் பேச வந்த விடயம். சுவர்கள் ரோலரில்தான் உடைய வேண்டும். அதற்கு முன் உடைந்தால் தேயிலை கெட்டது. மலையில் கொழுந்தைக் கை நிறைய அமுக்கிப் பிடித்தால், கூடையில் திணித்தால், சாக்கில் இறுக்கி வெயிலில் வைத்தால், கொழுந்து தன் சுவாசச் சூட்டிலேயே வெந்து சிவக்கத் தொடங்கிவிடும். அப்படிச் சிவந்த கொழுந்தை எந்த டீமேக்கராலும் மீட்க முடியாது. இரண்டு இலையும் ஓர் அரும்பும் கசங்காமல் ஒடித்து, உள்ளங்கையில் அதிகம் சேரவிடாமல் தோளுக்குமேலே கூடைக்குள் எறிகிறார்களே, அந்த விரல்கள்தான் ஒவ்வொரு கலத்தின் மென்சவ்வையும் ஸ்டோர் வாசல்வரை காப்பவை. அதுவும் சரிவில், மழையில், அட்டைக்கடியோடு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, 18 கிலோ, 20 கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர் என்ற பயத்தோடு. அவசரப்பட்டால் கொழுந்து கசங்கும், மெதுவாக எடுத்தால் பேர் போகும். கொழுந்து மடுவத்தில் தராசு எடையை மட்டுமே கேட்கிறது. ஈரத்துக்கும் முற்றல் இலைக்கும் கழிவு வெட்டுவார்கள். கசங்காமல் கொண்டுவந்ததற்குக் கூட்டிக் கொடுத்ததாக நம்மில் எவரும் கேள்விப்பட்டதில்லை.

2021இல் நாட்கூலி 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வருவதற்கே எத்தனை வருடப் போராட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த விவாதங்களிலெல்லாம் கொழுந்து பறிப்பது பயிற்சி வேண்டாத வேலை என்ற எண்ணம் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. கலத்தின் உட்கட்டமைப்பைப் படித்தவர்கள் என்ற முறையில் நாங்கள் அதை ஏற்கவில்லை. ஆய்வுகூடத்தில் பச்சையவுருமணியை உடையாமல் பிரித்தெடுக்கப் பனிக்கட்டியும், மையநீக்கியும், மாதக்கணக்கான பழக்கமும் தேவைப்படுகின்றன. பேராதனையில் படித்த நம்மவர்கள் எத்தனை தரம் அதை உடைத்தோம் என்று எண்ணியதேயில்லை. அந்தக் கலம் உடையாமல் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான கொழுந்தை ஒடிக்கிற கைக்கு என்ன பெயர்? நம் வகுப்பிலிருந்த பலருக்கு அது அம்மாவின் கை. அம்மாவின் வேலை என்ன என்று படிவத்தில் கேட்டபோது எழுதத் தயங்கியவர்களும் நம்மில் இருந்தார்கள்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் நன்றாகச் செய்யும் பிள்ளைகள்கூட அதோடு கலைப்பிரிவுக்குப் போகிறார்கள், அல்லது நின்றுவிடுகிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நம் கல்லூரி ஆய்வுகூடத்தைப் பத்தாம், பதினோராம் வகுப்புத் தோட்டப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட அதிபர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். பஸ் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். கற்பிக்க நாங்கள் முறைவைத்து வருவோம். முதல் நாள் செய்கைக்குப் பெரிய செலவில்லை. நுணுக்குக்காட்டி இருக்கிறது. மூன்று கோப்பை, ஓர் அடுப்பு, ஒரு பானை போதும். கொழுந்தைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள். கசங்காமல் கொண்டுவரும் விதத்தை அவர்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெயர் தர விரும்பும் ஆசிரியைகளும் பழைய மாணவியரும் இடைவேளையில் இந்த மேசைக்கு வாருங்கள். இரண்டாவது கோப்பை இதற்குள் இன்னும் கறுத்திருக்கும்.